கரை போடுகிறவளின் பாதி

அன்பும் மரியாதையும் உள்ள சிவபாலன் மாமாவுக்கு,

ஓரிக்கையிலிருந்து உங்கள் மாமன் மகள் கீர்த்தி பயந்துகொண்டே எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அம்மாவும் சுகம். அங்கே நீங்கள், உங்களைப் பெற்ற அத்தை, உங்கள் அப்பா, தங்கை அபிநயா, தறி எல்லாரும் சுகமா? எழுத்து கோணலாக இருந்தால், ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனதால் என்று நினைக்காதீர்கள். தறி பிடித்துப் பழகிய கைக்குப் பேனா வழுக்குகிறது. ஃபோனில் சொல்லலாம் என்றால் எங்கள் வீட்டு ஃபோன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை குமரகோட்டம் கோயிலுக்கு வெளியே நடந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். மனசில் இருப்பதைச் சொல்ல தைரியம் கொடு என்று முருகனை மூன்று சுற்று சுற்றி வந்தேன். தைரியம் வருவதற்குள் நீங்கள் இட்லி வாங்கிவிட்டீர்கள். வாய்தான் வரவில்லை, கையாவது பேசட்டும் என்று என் பங்கு இருபது ரூபாயைக் கல்லா மேல் வைத்தேன். அந்த இட்லிக்கடை அம்மா, "இன்னாம்மா, கட்டிக்கப் போறவன் கூட வந்துட்டு பாதி பில்லு குடுக்குற? நாளைக்குத் தாலிக்கும் பாதி குடுப்பியா?" என்று கத்த, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, உங்கள் முகம் குங்குமமாகிவிட்டது. அன்றிலிருந்து தறியில் பக்கத்தில் உட்கார்ந்தும் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணத்தையே நிறுத்திவிடுவீர்களோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் சொல்ல நினைத்தது இதுதான். அத்தைக்குத் தோள் போனதிலிருந்து ஏழு மாதமாக உங்கள் தறியில் நான்தான் கரை நாடா போடுகிறேன். நீங்கள் புடவையின் உடலுக்கு இழை சுற்றிய நாடாவை ஓட்ட, நான் கரைக்கு ஓட்ட, இரண்டு இழையும் கோத்தால்தான் புடவை. ஆனால் கூலி வரும்போது மட்டும் உங்கள் அப்பா, "நம்ம வூட்டுப் பொண்ணுதானே, அதுக்கு எதுக்குத் தனியா?" என்கிறார். அத்தையும் இருபத்தாறு வருஷம் நம்ம வீட்டுப் பொண்ணாகவே கரை போட்டார்கள். போன வாரம் அத்தை ஷேர் ஆட்டோவுக்குப் பத்து ரூபாய் கேட்டதற்கு உங்கள் அப்பா, "எதுக்கு? நடந்தா காலு தேஞ்சிடுமா?" என்றார். அத்தை சிரித்துவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டே நடந்து போனார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பயம் வந்தது. எனக்கும் அப்படிச் சிரிப்பது பழகிவிடுமோ மாமா? அதனால் தை மாதம் தாலி கட்டுவதற்கு முன்பே கேட்கிறேன். கூலியில் பாதி என் கையில் வர வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது, கோபப்படாதீர்கள். ஆறு மணிக்குத் தறி நிற்கும்போது ரெண்டு பேர் கையும்தான் வலிக்குது. அப்புறம் என் கை மட்டும் ஏன் அடுப்புக்குப் போகணும்?

இதைவிடப் பெரிய பயம் இனிமேல்தான். புதன்கிழமை நீங்கள் பேசாமலே நெய்ததில், இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நாலைந்து இழைக்குக் கரை நாடா போட மறந்துவிட்டேன். கரையும் உடலும் கோக்காமல் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு. நீங்கள் பார்க்கவில்லை என்று நான் வாயைத் திறக்கவில்லை. அது அப்படியே நெய்த துணிச் சுருளுக்குள் போய்விட்டது. இன்று சனிக்கிழமை, புடவையைக் கொடுத்துக் கூலி வாங்குகிற நாள். முதலாளி வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்திருப்பார், கூலியில் பிடித்திருப்பார். பாதி கேட்கிறவள் நஷ்டத்திலும் பாதியை ஏற்கத்தானே வேண்டும்? முழுவதும் பிடித்துக்கொண்டாலும் சரி. கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க.

அத்தைக்கும் உங்கள் அப்பாவுக்கும் என் நமஸ்காரம். அத்தை தோளுக்குத் தைலம் தேய்க்க மறக்க வேண்டாம். முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் பொறுமையையும் தரட்டும்.

இப்படிக்கு,
பயத்துடன்
கீர்த்தி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போதே அபிநயா வந்து ஒரு கவரைக் கொடுத்தாள். மேலே என் பெயர். உள்ளே இரண்டாயிரத்து ஐந்நூறும் உங்கள் சீட்டும். "கீர்த்தி, நீ இருபது ரூபா வெச்சப்போ கோவம் வரல, வெக்கம்தான் வந்துச்சு. ஏழு மாசமா உன் கைல ஒரு ரூபா குடுக்கலையேன்னு. எப்படிப் பேசுறதுன்னு தெரியல. கூலி அஞ்சாயிரம், இது உன் பாதி. பழைய பாக்கியும் மாசாமாசம் தரேன். அப்பா கிட்ட சொல்லிட்டேன், கத்திக்கினுதான் இருக்காரு. புடவைல பிளவு உழுந்துடுச்சுன்னு முதலாளி ஆயிரம் புடிச்சாரு. நீ நாடா போடறதுக்குள்ள நான்தான் அவசரப்பட்டு இழைய நெருக்குற பலகைய அடிச்சிருப்பேன். அது என் கணக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆகையால் மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். பிளவைப் பற்றிய பத்தி மட்டும் இருக்கட்டும். அது என் தப்பு, என் பங்கு ஐந்நூறு இதோடு இருக்கிறது. அடுப்பைப் பற்றி உங்கள் சீட்டில் ஒன்றுமே இல்லை, அதனால் அந்த வரியும் இருக்கட்டும். அபிநயா வாசலில் நின்றுகொண்டு, "சீக்கிரம் எழுதுக்கா, நீ இன்னா சொல்லுவியோன்னு அண்ணன் பயந்துக்கினு காலைலேர்ந்து காபி கூடக் குடிக்கல" என்கிறாள். என்னைப் பார்த்து ஒருவர் பயப்படுவது எனக்கு இதுதான் முதல் தடவை மாமா. காபி குடித்துவிடுங்கள். நீங்களே போட்டு.