இடியார் மென்மையான வரலாறு

இசையின் வரலாற்றை இனி இரண்டாகத்தான் எழுத வேண்டும்: இடியார் மென்மையாவதற்கு முன், மென்மையான பின்.

நாற்பது ஆண்டுகள் மேடையில் மின்சாரக் கிதாரை அலறவிட்ட ராக் மேதை அவர். அறுபத்தெட்டாம் வயதில் தன்னந்தனியாக ஒரு மென்மையான ஆல்பம் செய்யத் தீர்மானித்தார். ரசிகர்களுக்காக அல்ல. அவர் கிதாரைத் தொட்டாலே மனைவி எழுந்துபோய் மிக்சியைப் போட்டுவிடுவாள். ஒரே ஒருமுறை, ஒரு பாட்டு முடியும்வரை, அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஒலிப்பதிவாளர் பழைய கூட்டாளி. நாற்பது ஆண்டும் இடியாரின் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்றவர். ஆகவே இருவர் காதுகளும் ஒரே 'தரத்தில்' இருந்தன. வேலையெல்லாம் சைகையில்தான். இடியாரின் கட்டைவிரல் மேலே போனால் அவர் ஒலிக் குமிழைக் கூட்டுவார். கீழே போனால் குறைப்பார். அந்த விரல் வாழ்நாளில் முதல்முறையாகக் கீழே போனது.

"இன்னுமாய்யா?" என்று கத்தினார் ஒலிப்பதிவாளர்.

"இன்னும்! இன்னும்!"

நாற்பத்தொரு முறை குறைத்தார்கள். சத்தத்தை நெஞ்சதிர்வால் அளந்தே பழகியவர் இடியார்; இப்போது நெஞ்சுக்கூடு துளியும் அதிரவில்லை. ஆகா, மென்மை!

இசைத்தட்டுக் கம்பெனியின் 'உயர்மட்ட ரசனைக் குழு' முப்பத்தெட்டு நிமிடம் கண்மூடிக் கேட்டது. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூணாவது பாட்டுல ஒரு ஏக்கம் இருக்கு சார்!"

"நாலாவதுல அது தீர்ந்துடுதே, கவனிச்சீங்களா?" என்றார் விளம்பர அதிகாரி, பின்தங்கிவிடாமல்.

ஆல்பம் ஒருமனதாக ஏற்கப்பட்டது.

இடியார் வீட்டுக்கு வந்து இசைத்தட்டைச் சுழலவிட்டார். மனைவி உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. முதல் பாட்டு, இரண்டாவது, கடைசிவரை! காய்கூட நறுக்கி முடித்துவிட்டாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

அவள் காதருகே வந்து உரக்கச் சொன்னாள். "ரொம்ப நல்லாயிருந்துச்சுங்க. நடுவுல நீங்க இருமினீங்களே, அது ஒண்ணுதான் இடைஞ்சல்."

இடியாருக்குச் சுருக்கென்றது. ஓடி முடிந்த தட்டை மறுபடி முதலிலிருந்து வைத்து, ஸ்பீக்கரில் உள்ளங்கையை ஊன்றினார். ஸ்பீக்கர் பலகை அதிர்வே இல்லாமல் செத்துக் கிடந்தது.

"அடிப்பாவி! இதுல ஒண்ணுமே இல்லையே! கம்பெனிக்காரங்க பயந்துக்கிட்டுச் சொல்லல. நீயாவது முதல் பாட்டுலயே சொல்லியிருக்கலாமில்ல?"

"எதுக்கு?" என்றாள் அவள். "சொன்னா, திரும்ப வாசிப்பீங்களே!"