ஐந்தாம் கதவின் எண்

"டோக்கன் நம்பர் ஏழு!"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

டோக்கன் அக்கா மேசைக்குப் பின்னாலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பதினொரு பேர் இருந்தார்கள். பதினொரு தலைகளும் பதினொரு போன்களுக்குள் கவிழ்ந்து கிடந்தன.

"ஏழு! ஏழாம் நம்பர் யாருங்க?"

வீங்கிய கன்னத்தில் கையை முட்டுக்கொடுத்திருந்த ஒரு பெண்மணி நிமிராமலே சொன்னார். "நான்தான். எனக்கு அவசரமில்லை. அடுத்தவங்களை அனுப்புங்க."

"எட்டு?"

"ஐயோ, இப்பத்தான் ரெண்டாவது கதவு திறந்திருக்கு. நான் அப்புறமாப் போறேன்."

உள்ளறையிலிருந்து டாக்டரின் குரல் வந்தது. "ஏம்மா, ஆளை அனுப்பறியா, இல்லை என் பல்லை நானே பிடுங்கிக்கவா?"

டோக்கன் அக்காவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கதவுகளைக் கட்டியவளே அவள்தான்.

நேற்று வரை அந்த அறையின் சிக்கல் நேர் எதிராக இருந்தது. உள்ளே பல்லைக் குடையும் கருவி 'ஞொய்ங்' என்றதும் வெளியே இருப்பவர்கள் நழுவிவிடுவார்கள். "ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று போனவர்கள் போனவர்கள்தான். ஒருவர் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடியிருந்தார். ஒரே வாரத்தில் ஒன்பது பேர்.

"உன் முகத்தைப் பார்த்துத்தான் ஓடறாங்க" என்றார் டாக்டர், பதினான்கு வருடமாக அதே முகத்தைப் பார்த்துவிட்டு.

அவருடைய மச்சானுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவன்தான் யோசனை சொன்னான். டோக்கன் கொடுக்கும் மெஷின் ஒன்று வந்திருக்கிறதாம். தேன் மாதிரி பேசுமாம், படம் காட்டுமாம், முகத்தைச் சுளிக்காதாம். வெள்ளிக்கிழமை கொண்டுவந்து மாட்டிவிடச் சொல்லியாயிற்று. மெஷின் வந்துவிட்டால் அந்த மேசையில் அக்காவுக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. டாக்டரும் அதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்.

"ஆள் ஓடாம இருந்தாப் போதுமில்ல? நான் பார்த்துக்கறேன். போன்ல விளையாடற மாதிரி ஒரு புதிர் பண்றேன்" என்றாள் அக்கா.

மச்சான் சிரித்தான். "அக்கா, கேம் பண்ணக் கோடிங் தெரியணும். நாலு வருஷம் படிக்கணும்."

"நீங்க படிச்சீங்களே தம்பி, எத்தனை கேம் பண்ணீங்க?"

மச்சான் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. டாக்டர்தான் இடையில் புகுந்தார். வெள்ளிக்கிழமை ஒருநாள் முழுக்க ஓர் ஆளும் ஓடாமல் இருந்தால் மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

கோடிங் தெரியாதவர்களுக்கென்றே இணையத்தில் ஒரு தளம் இருந்தது. படத்தை இழுத்துப் போட வேண்டும். 'இதைத் தொட்டால் அது திறக்கும்', 'இந்த எண் சரியென்றால் அடுத்த அறை' என்று வரிசையில் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் வெளியே வந்தால் அவர் உள்ளே, வலி தாங்கவில்லை என்றால் மட்டும் இடையில் ஒருவர், கூப்பிட்டபோது இல்லாதவர் வரிசைக் கடைசிக்கு. பதினான்கு வருடமாக அவள் செய்துகொண்டிருந்தது வேறு என்ன?

பஸ்ஸிலும் சாப்பாட்டு இடைவேளையிலும் உட்கார்ந்து ஐந்து கதவுள்ள ஒரு வீட்டைக் கட்டினாள். மீன்தொட்டியில் எத்தனை சிவப்பு மீன் என்று எண்ணிப் போட்டால் முதல் கதவு. நின்றுபோன சுவர்க்கடிகாரத்தில் இரண்டாவது. செருப்பு அலமாரியில் மூன்றாவது. எல்லாம் இந்த அறையில் கண்ணெதிரே உள்ள பொருள்கள்தான். மூன்று முறை தப்பாகப் போட்டால் முதல் கதவுக்கே திரும்ப வேண்டும். வரிசைக் கடைசி என்றால் வரிசைக் கடைசிதான். விளையாட்டானாலும் அவளிடம் சலுகை கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை க்யூஆர் கோடைச் சுவரில் ஒட்டிவிட்டு, மெஷின்காரன் வருகிறானா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு முதலில் வந்தவர் ஒரு கட்டம் போட்ட சட்டைக்காரர். கையில் ஒரு பைல்.

"டாக்டரைப் பார்க்கணும்…"

"எல்லாரும் அவரைப் பார்க்கத்தான் வர்றாங்க. டோக்கன் ஒண்ணு. சுவர்ல இருக்கறதை ஸ்கேன் பண்ணிட்டு உட்காருங்க."

"இல்லம்மா, ஒரு கையெழுத்து…"

"உட்காருங்கன்னேன்ல."

உட்கார்ந்துவிட்டார். உள்ளே டாக்டர் கருவியை ஓட்டிப் பார்த்த ஞொய்ங் கேட்டதும் முகம் வெளுத்தது. "எனக்குப் பல் டாக்டர்னாலே காய்ச்சல் வந்துரும்மா. ஒரு பல்லு ஏழு வருஷமா ஆடிக்கிட்டே இருக்கு, இந்தப் பக்கமே வந்ததில்லை" என்றார்.

"மீனை எண்ணுங்க."

எண்ண ஆரம்பித்தவர்தான். டோக்கன் ஒன்றைக் கூப்பிட்டபோதும் எழவில்லை, இரண்டைக் கூப்பிட்டபோதும் எழவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் எழவில்லை. இப்படித்தான் ஏழாம் நம்பர் வரை வந்து நின்றது.

அக்கா யோசித்தாள். ஓடாமல் இருந்தால் மட்டும் போதாது, உள்ளேயும் போக வேண்டும். போனில் ஐந்தாம் கதவின் எண்ணை 169 என்று மாற்றி, அதையே ஒரு தாளில் பெரிதாக எழுதினாள். டாக்டர் அறையில் நோயாளிகள் சாயும் நாற்காலி மேல் ஏறி நின்று, நேர் மேலே கூரையில் ஒட்டினாள்.

"என்னம்மா பண்றே?"

"உங்களுக்கு ஆள் பிடிக்கறேன் டாக்டர்."

வெளியே வந்து அறிவித்தாள். "ஐந்தாம் கதவோட எண் டாக்டர் ரூம் கூரையில இருக்கு. நாற்காலியில சாய்ஞ்சாத்தான் தெரியும்!"

அடுத்த நொடியே கட்டம் போட்ட சட்டைக்காரர் உள்ளே இருந்தார்.

அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தடுக்கத்தான் வேண்டியிருந்தது. துணைக்கு வந்த கணவர்கள், மனைவிகள், எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர், தபால் கொடுக்க வந்தவர் எல்லாரும் டோக்கன் கேட்டார்கள். டாக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. நாற்காலியில் யார் சாய்ந்தாலும் வாயைத் திறக்கச் சொல்லிவிடுவார். தபால்காரருக்கு இரண்டு சொத்தைப் பல் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்குள் நாற்பது டோக்கன் போயிருந்தது. அப்போதுதான் மெஷின் வந்துவிட்டதா என்று பார்க்க மச்சான் வந்தான். அவன் வந்த நேரம் பார்த்து அறையில் கூச்சல் கிளம்பியது.

"அக்கா, எண் தப்பு! மூணு தடவையும் போட்டாச்சு, திரும்ப மீனுக்கே கொண்டுபோய் விட்டுடுச்சு!"

"எனக்கும் அதேதான்! நான் திரும்பவும் போய்ப் படுத்துப் பார்க்கணும்!"

"நான் முதல்ல!"

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "என்ன எண் போட்டீங்க?"

"அறுநூத்துத் தொண்ணூத்தொண்ணு!"

எட்டிப் பார்த்தாள். அவள் நின்று ஒட்டிய திசை வேறு, சாய்ந்தவர்கள் பார்க்கும் திசை வேறு. தாள் தலைகீழாக இருந்தது. 169 அங்கிருந்து பார்த்தால் 691.

மச்சான் கைகட்டி நின்றான். "இதுக்குத்தான் சொன்னேன். கோடிங் தெரிஞ்சவங்ககிட்ட விட்டிருக்கணும். இப்ப எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து எழுதணும்."

"அப்படியா தம்பி?" அக்கா போனை எடுத்தாள். ஐந்தாம் கதவைத் தொட்டாள். 169-ஐ அழித்து 691 என்று போட்டாள். "முடிஞ்சுது. நாலு வருஷப் படிப்பு."

அறை முழுவதும் கை தட்டியது. கன்னம் வீங்கியவர்கள்கூடச் சிரித்தார்கள், வலிக்க வலிக்க.

அந்த மிதப்பில்தான் அவள் அடுத்த தப்பைச் செய்தாள். வாசலில் ஒருவன் பெரிய கருவிப் பையோடு வந்து நின்றான்.

"டாக்டர் வரச் சொன்னாருக்கா. பழசைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டணுமாம்."

அக்காவுக்குக் காது சிவந்தது. "யாருய்யா பழசு? பதினாலு வருஷமா இந்த இடத்தைத் தாங்கிட்டு நிக்கறேன். எவன் வந்து கழட்டறான்னு நானும் பார்க்கறேன்! போய்யா!"

"அக்கா, தொட்டியில…"

"தொட்டுப் பாரு, தெரியும்!"

அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அன்றைக்கு அந்த வாசலிலிருந்து ஓடிய ஒரே ஆள் அவன்தான்.

கால்மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். சட்டை முன்புறம் நனைந்து, செருப்பு சளக் சளக்கென்றது. "பிளம்பர் வந்தானா? வாய் கொப்பளிக்கிற தொட்டி அடைச்சுக்கிட்டு ரூமெல்லாம் தண்ணி. ரெண்டு நாளாக் கெஞ்சி இன்னைக்குத்தான் வர்றேன்னான்."

அக்கா மேசைக்கடியில் குனிந்து எதையோ தேடினாள். ஏழாம் நம்பர் பெண்மணிதான் உதவிக்கு வருவதாக நினைத்துக்கொண்டு சொன்னார். "அந்தப் பையனை அக்கா நல்லா நாலு கேள்வி கேட்டுத் துரத்திட்டாங்க டாக்டர்."

டாக்டர் நனைந்த சட்டையைப் பிழிந்தார். பிறகு, "போதும்மா. மெஷின்காரன் வரட்டும், மாட்டிடலாம். உன் மேசையைக் காலி பண்ணு" என்றார்.

அக்காவுக்கு அழுகை வந்தது. ஆனால் மச்சான் முன்னால் அழுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"தாராளமா மாட்டுங்க டாக்டர். பிளம்பரைத் துரத்தினது என் தப்பு, நானே போய்க் கூட்டிட்டு வர்றேன். ஆனா இன்னைக்குப் பல்வலின்னு வந்தவங்கள்ல ஒருத்தர் ஓடினாங்களா? நாற்பது பேர் படுத்தாங்க. உங்க மெஷின் 'அடுத்த நம்பர்'னு சொல்லும். யாருக்குக் கை நடுங்குது, யாரு செருப்பைத் தேடறாங்கன்னு அதுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். அதைத் தெரிஞ்சுதான் கதவு கட்டினேன். வாக்குக் குடுத்தது நீங்க. இந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்க மாட்டேன். மெஷின்காரன் வந்து என்னையும் சேர்த்துத் தூக்கட்டும்!"

டாக்டர் மச்சானைப் பார்த்தார். மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "காலையிலேயே அனுப்பிட்டோம்னு கம்பெனியில சொன்னாங்க மாமா. ஏன் இன்னும் ஆளைக் காணோம்னு தெரியலை."

மூலை நாற்காலியில் கட்டம் போட்ட சட்டைக்காரர் மெல்ல எழுந்தார். ஒரு கன்னம் உப்பியிருந்தது. ஆடிய பல்லைப் பிடுங்கி மூன்று மணி நேரம் ஆகியும் அவர் வீட்டுக்குப் போகாமல் ஐந்தாம் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வாயிலிருந்த பஞ்சை எடுத்தார். பைலைத் திறந்து ஒரு தாளை டாக்டரிடம் நீட்டினார்.

"மெஷின் வெளியே வேன்லதான் இருக்கு டாக்டர், காலைல ஒன்பது மணிக்கு அதை மாட்டத்தான் வந்தேன்… வேணாம்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, அடுத்த வாரம் அக்கா ஆறாவது கதவு கட்டினா நான் இன்னொரு பல்லையும் காட்டணும்."