வழி சொல்லும் மூப்பர்

‘தெரியாது’ என்ற நாலெழுத்துச் சொல் நாக்கில் ஏறாத ஓர் இனம் மனிதர்களிடையே உண்டு. வழி சொல்லும் இனம். நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நாம் முகவரிச் சீட்டைப் பையிலிருந்து எடுப்பதற்குள் அவருடைய வலக்கை தோளுக்கு மேல் எழுந்திருக்கும். கேள்வி பாதியில் இருக்கும்போதே பதில் முக்கால்வாசி முடிந்திருக்கும். "நேரா போங்க, ஒரு வளைவு வரும், அதை விட்டுடுங்க, அடுத்ததுல திரும்புனா பச்சை கேட்டு, அங்கேருந்து அஞ்சு நிமிஷ நடை" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, கடைசியில் மனசாட்சிக்காக "அங்க போய் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க" என்று ஒரு வாலையும் ஒட்டுவார். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றால் இவரை எதற்குக் கேட்க வேண்டும்? அது நமக்கு அந்த நேரத்தில் தோன்றுவதில்லை.

இந்த இனத்தில் நன்றாகத் தேறிய ஒருவரைச் சொல்கிறேன். மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் மிஷனரி. வயது இருபது. சபை வழக்கப்படி பட்டம் ‘மூப்பர்’. முளைக்கலாமா வேண்டாமா என்று மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருந்த முகத்துக்கு அந்தப் பட்டம் கொஞ்சம் பெரிய அளவுதான். மிஷனரிகளுக்கு ஓர் இடம் நிலையில்லை. சில மாதங்களுக்கு ஒரு தடவை தொலைபேசி வரும், இரண்டு பெட்டியையும் சைக்கிளையும் தூக்கிக்கொண்டு புதிய வட்டாரத்துக்குப் போய் புதிய கூட்டாளியோடு சேர வேண்டும். எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். இங்கே கூட்டாளியும் மூப்பர்தான், அவருக்கு இருபத்தொன்று. ஆகவே அவர் பெரிய மூப்பர், நம்மவர் சின்ன மூப்பர்.

சின்ன மூப்பர் வந்து இறங்கியது ஒரு புதன்கிழமை. கட்டில் ஒரு சாண் குட்டை. குழாயில் ‘சூடு’ என்று எழுதிய பக்கம் குளிர்ந்தது. ‘குளிர்’ என்று எழுதிய பக்கம் வரவேயில்லை. பெரிய மூப்பர் வட்டாரத்தின் வரைபடத்தைக் கொடுத்து, இரண்டு நாளில் மனப்பாடம் செய்யச் சொன்னார். நம்மவர் அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் வைத்தார். மேசை நின்றது.

மறுநாள் காலையில் ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தி ஏதோ ஒரு தெருவைக் கேட்டார். கை எழுந்தது. விளைவு, யாரோ குடிவர வேண்டிய வீட்டின் அலமாரியும் சோபாவும் துணி துவைக்கும் மெஷினும் மத்தியானத்துக்குள் வேறொரு தெருவில் வேறொருவர் வீட்டுக் கூடத்தில் இறங்கின. அந்த வீட்டு அம்மா, கணவர் சொல்லாமல் கொள்ளாமல் பரிசு அனுப்பியிருக்கிறார் என்று பூரித்துப்போய் எது எங்கே என்று இடம் காட்டினார். சாயங்காலம் பரிசு திரும்பிப் போனது. கணவரோடு அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்வி.

பாவம், சின்ன மூப்பர் மீது முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. வந்ததிலிருந்து நாளுக்கு முப்பது கதவு தட்டினார்கள். முப்பதும் சாத்தப்பட்டன, சில மரியாதையாக, சில மூக்குக்கு மிக அருகில். மனிதன் எங்கிருந்து வந்தான், செத்த பிறகு எங்கே போகிறான் என்பதற்கெல்லாம் அவரிடம் விடை தயாராக இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அந்த வெள்ளைச் சட்டையையும் டையையும் மார்பில் குத்திய கறுப்புப் பெயர்ப்பட்டையையும் பார்த்து, இவர் ஏதோ அலுவலகத்து ஆள் என்று நினைத்து, வழியில் போகிறவர்கள் தாமாகவே நிறுத்தினார்கள். பரலோகத்துக்கு அல்ல, பேருந்து நிலையத்துக்கு வழி கேட்டார்கள். நாள் முழுக்க யாருக்கும் வேண்டாதவராக நடந்த பிள்ளையிடம் ஒருவர் முகம் பார்த்து ஒன்று கேட்டால், தெரியாது என்று எப்படி அனுப்புவது?

வட்டாரமே கதவைச் சாத்தியபோது திறந்திருந்தது பூட்டுக் கடை ஒன்றுதான். கடையை நடத்திய அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். பெரிய மூப்பர் ஐந்து மாதமாகக் கடை முக்காலியில் உட்கார்ந்து பாடம் சொல்லி, அவருடைய ஆயிரம் கேள்விக்கும் பதில் சொல்லி, ஒருவழியாக அக்கா ஞானஸ்நானத்துக்குச் சம்மதித்திருந்தார். பெரிய மூப்பருக்கு ஊழியம் முடிந்து வீடு திரும்ப இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. இரண்டு வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆத்துமா இந்த அக்கா.

சபை கூடுவது டயர் கடை மாடியில். அங்கே ஆளை முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்கும் தொட்டி கிடையாது. தொட்டி இருந்த கட்டடம் நகரத்தின் மறுகோடியில் இருந்தது. சனிக்கிழமை நாலு மணி என்று முடிவாகி, பெரிய மூப்பர் முகவரியை எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா அதைப் பத்திரமாக ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அந்தச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை இருவரும் போனபோது பெரிய மூப்பருக்கு வாசலிலேயே சைக்கிள் செயின் கழன்றது. அவர் குனிந்து மாட்டிக்கொண்டிருக்க, உள்ளே சாவி அறுக்கும் மெஷின் கிறீச்சிட்டுக்கொண்டிருக்க, அக்கா மெஷினை நிறுத்தாமலே சின்ன மூப்பரிடம் எப்படிப் போவது என்று கேட்டார். வாசலிலிருந்து நிமிர்ந்து பார்த்த பெரிய மூப்பருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. காற்றில் ஒரு கை இரண்டு தடவை வளைந்து, ஒரு தடவை நீண்டு, ஐந்து விரலைக் காட்டியதுதான் தெரிந்தது. பையன் உற்சாகமாக வசனம் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. குழாய் விரல் கனம். நிரம்ப மூன்று மணி நேரம். நாலு மணிக்கு, பல் வைத்தியரான சபைக் கிளைத் தலைவர் வந்தார். உறுப்பினர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். அக்கா வரவில்லை. பியானோ வாசித்த அம்மா ஒரே பாட்டை ஆறாம் தடவை ஆரம்பித்தார். பெரிய மூப்பர் வெள்ளை உடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். ஏறினால் மறுபடி நனைய வேண்டுமே என்று நின்றார். ஐந்து மணிக்கு அவர் விரல்நுனிகள் உலர்ந்த திராட்சையாகிவிட்டன. சின்ன மூப்பர் கூரையை ஆராய்ந்தார்.

"அக்கா உங்ககிட்ட வழி ஏதாவது கேட்டாங்களா?" என்றார் பெரிய மூப்பர்.

"கேட்டாங்க."

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நீங்க இந்தக் கட்டடத்துக்கே இன்னைக்குத்தானே முதல் தடவையா வர்றீங்க?"

சின்ன மூப்பர் மறுபடி கூரைக்குத் திரும்பினார்.

பெரிய மூப்பர் தொட்டியிலிருந்து ஏறி, ஈர உடையோடு சைக்கிளில் உட்கார்ந்து, கடையிலிருந்து நீங்கள் சொன்ன வழியிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். இந்த இனத்துக்கு இதைவிடக் கடுமையான தண்டனை கிடையாது. தான் சொன்ன வழியில் தானே போவது! ஒரு வளைவை விட்டார்கள். அடுத்ததில் திரும்பினார்கள். சின்ன மூப்பரே வியந்துபோகும்படி அங்கே நிஜமாகவே ஒரு பச்சை கேட் இருந்தது. அதன் மேல் ‘நகராட்சி நீச்சல் குளம்’ என்று எழுதியிருந்தது.

உள்ளே, தலையில் வெள்ளை ரப்பர் தொப்பியும் தோளில் துண்டுமாக, பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கால அட்டவணை. அப்படியொரு தெளிவான முகத்தைப் பெரிய மூப்பர் ஐந்து மாதத்தில் பார்த்ததில்லை.

"வாங்க தம்பி," என்றார் அக்கா பெரிய மூப்பரிடம். "நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. புதுசான்னு கேட்டாங்க, ஆமான்னேன். பயமா இருக்கான்னு கேட்டாங்க, இருக்குன்னேன். உடம்பை விட்டுடுங்க, நாங்க பிடிச்சுக்கறோம்னாங்க. ஒரே முழுக்கு. எழுந்தப்ப மனசு லேசாயிடுச்சு. இன்னும் பதினோரு வாரம் வரணுமாம். அடுத்த வாரம் கால் உதைக்கச் சொல்லித் தருவாங்களாம்."

பெரிய மூப்பர் சின்ன மூப்பரைத் திரும்பிப் பார்த்தார். அக்கா அவரையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது.

"சரியாத்தானே தம்பி செஞ்சேன்?"

"தெரியலைங்க அக்கா," என்றார் சின்ன மூப்பர்.

வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னார். அதுவும் விடை நன்றாகத் தெரிந்த ஒரே கேள்விக்கு.

பிறகு உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. இது முதியோர் நீச்சல் வகுப்பு என்பதையும், தப்பு முழுக்கத் தன்னுடையது என்பதையும் அவரே தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஐந்து மாத உழைப்பு இதோடு எழுந்து வீட்டுக்குப் போய்விடும் என்று பெரிய மூப்பர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா சற்று நேரம் தொப்பியைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால், சிரிப்பு.

"சரி, அதையும் பண்ணிடலாம்," என்றார். "எப்படியும் நனைஞ்சாச்சு."

ஆறரை மணிக்கு, பியானோ அம்மா பதினோராம் தடவை வாசிக்க, ஆறிப்போன தண்ணீரில் அக்கா இறங்கினார். பெரிய மூப்பர் வலக்கையை உயர்த்திச் சொல்ல வேண்டியதைச் சொல்லி அவரை அமிழ்த்தினார். அக்கா மிதந்தார். அன்று படித்த பாடம் அப்படி. உடம்பு முழுவதும் மூழ்கினால்தான் கணக்கு; கட்டைவிரல் வெளியே தெரிந்தாலும் மறுபடி. சாட்சிக்கு நின்ற பல் வைத்தியர் தலையை ஆட்டினார், இல்லை என்று. இரண்டாம் தடவை முழங்கால் எழும்பியது. மூன்றாம் தடவை, சின்ன மூப்பர் தொட்டியின் ஓரத்தில் மண்டியிட்டு, மூச்சை வெளியே விட்டால் அக்கா அமிழ்ந்துவிடுவார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். விட்டார். அமிழ்ந்தார். அவர் சொன்ன வழி ஒன்று அன்றுதான் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பெரிய மூப்பர் ஈரக் கையோடு சின்ன மூப்பரின் கன்னத்தைத் தட்டினார். திட்டவில்லை.

அதற்கப்புறம் சின்ன மூப்பர் திருந்தினார். தினமும் பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து ‘தெரியாது’ என்று இருபது தடவை சொல்லிப் பழகினார். செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் நிறுத்தித் தபால் அலுவலகம் எங்கே என்று கேட்டார். தெரியாது என்றே சொன்னார். பெரியவர் முகம் வாடியது. அந்த வாட்டத்தைத் தாங்க முடியாமல், "ஆனா..." என்று ஆரம்பித்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அந்த இனம் இல்லை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். யாருக்கோ வழி சொல்லி அனுப்பிவிட்டு, அவர் திரும்பி வந்து மறுபடி கேட்டுவிடுவாரோ என்று, எதிர்ப்பக்கமாக நீங்கள் விறுவிறுவென்று நடந்ததே இல்லையா? அந்த மனிதர் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்.