குளத்துப் பச்சையைப் பொடியாக்கிய மைத்துனனுக்கு

சிரஞ்சீவி மைத்துனனுக்கு உன் அத்தான் ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. நீயும் மனைவி மக்களும் சௌக்கியமாகவே இருப்பீர்கள். ஊரான் வீட்டைக் கெடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு குறையும் வருவதில்லை. இங்கு நான் நலம். உன் அக்கா நலமாக இருப்பது நீ எழுதப்போகும் ஒரு வரியில் இருக்கிறது. தொலைபேசியில் கேட்கலாமென்றால், என் எண்ணைப் பார்த்ததும் துண்டித்துவிடுகிறாய். ஆகவே இந்தக் கடிதம்.

விடுமுறைக்கு நீ வந்திருந்தபோது எங்கள் குடியிருப்பின் நடுவிலுள்ள குளம் பச்சைப் பெயின்ட் கொட்டினாற்போல் கிடந்ததும், நாங்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனதும், நீ மட்டும் கரையில் குந்தி அதை விரலால் தொட்டு முகர்ந்து, "அத்தான், இது தங்கம். நான் டப்பா டப்பாவா விக்கிற ஸ்பைருலினா இதுதான்" என்றதும் உனக்கு நினைவிருக்கும். சத்து மாத்திரை விற்கிறவனுக்குச் சத்து மாத்திரையைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கும் என்று நம்பியது எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவரின் தலையெழுத்து. உன் அக்கா பீரோவில் பூட்டி வைத்திருந்த நல்ல படுக்கை விரிப்பை எடுத்து அந்தப் பச்சையை வடிகட்டினாய், மொட்டை மாடியில் காயப்போட்டாய், எங்கள் மிக்ஸியிலேயே அரைத்தாய். இன்னிக்கு வரைக்கும் அதுல எதை அரைச்சாலும் சேத்து வாடைதான். கடைசியில ஒரு கண்ணாடிப் புட்டி நிறைய அதைப் போட்டு அக்கா கையில கொடுத்து, தினம் காலையில ஒரு ஸ்பூன் கலக்கிக் குடி, முட்டி வலி பறந்துடும்னு சொல்லிட்டு ரயில் ஏறிட்டே.

நீ போன மறுநாள் எதிர் வீட்டுப் பல் டாக்டரோட நாய் குளத்துத் தண்ணியைக் குடிச்சிட்டு வாந்தி எடுத்து, கால் தள்ளாடி, வாசல்லயே விழுந்துடுச்சு. கால்நடை மருத்துவர் பெரும்பாடுபட்டு அதைப் பிழைக்க வச்சார். அப்புறம்தான் தண்ணீர் ஆய்வகத்துலேருந்து ஒரு அம்மா வந்து, ஒரு குப்பியில பிடிச்சிட்டுப் போய் நுண்ணோக்கியில பார்த்துட்டு வந்து சொன்னாங்க. இது பாசியே கிடையாதாம், பாக்டீரியாவாம். ஸ்பைருலினாவும் இதே குலம்தானாம், ஆனா அது வேற, இது வேற. இது வயித்துக்குள்ள விஷத்தை வச்சிருக்கிற வகை. ஒவ்வொண்ணுக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத காத்துப் பை இருக்காம், அதை வச்சு வெயிலைத் தேடி மேல வந்து மிதக்குமாம். காயவச்சாலும் கொதிக்கவச்சாலும் அந்த விஷம் சாகாதாம், நேரா ஈரலைப் பிடிக்குமாம். இந்தக் குலம்தான் ஆதியில மூச்சு விட்டு விட்டு பூமியில பிராணவாயுவையே சேர்த்துச்சாம். கேட்டதும் எனக்கு உன் நினைப்புத்தான் வந்தது. அவ்வளவு பெரிய பரம்பரையில பிறந்தும் இப்படியொரு பிறவி!

அத்தோட விட்டியா? தலைவர் யோசனை கேட்டு உனக்குப் போன் போட்டார். நீயும் மூளையைச் செலவு பண்ணாம, மயில்துத்தத்தை, அதான் அந்த நீலக் காப்பர் சல்பேட்டைக் கொட்டுங்க, பளிச்சுனு ஆயிடும்னுட்டே. அவர் மூட்டையோட கொட்டினார். ரெண்டு நாள்ல தண்ணி தெளிஞ்சது, அவரும் கரையில நின்னு படம் எடுத்துக்கிட்டார். ஆய்வகத்து அம்மா தலையில அடிச்சிக்கிட்டாங்க. அதுங்க மொத்தமா செத்து வெடிச்சு, உள்ளே இருந்த விஷமெல்லாம் தண்ணியில கலந்துடுச்சாம். செத்தது அழுகி அழுகித் தண்ணியிலிருந்த பிராணவாயுவையும் தின்னுடுச்சாம், மீனெல்லாம் வெள்ளை வயித்தைக் காட்டிக்கிட்டு மிதந்துச்சு. புல்தரைக்குப் போடற உரம் மழையில கரைஞ்சு குளத்துக்கு வர்ற வரைக்கும், அடிச் சேத்துல தூங்கறது திரும்பத் திரும்ப எழுந்து வருமாம். புல்தரைக்கு மூட்டை மூட்டையா உரம் போடறவரும் நம்ம தலைவர்தான். அப்ப உரத்தை ராத்திரியில போட்டா பரவாயில்லையானு கேட்டார் பாரு, உனக்கேத்த சிநேகிதர்.

இதையெல்லாம் உன் அக்காகிட்ட படிச்சுப் படிச்சு சொல்லியாச்சு. பட்டம் வாங்கினவன் என் தம்பி, நீங்க ரயில்ல டிக்கெட் பார்த்தவர்தானேங்கறா. ஆமா, டிக்கெட் பார்த்தவன்தான். டிக்கெட் இல்லாம முதல் வகுப்புல உக்கார்ந்திருக்கிற ஆளை மூஞ்சியைப் பார்த்தே சொல்லிடுவேன், உன்னைக் கல்யாணத்தன்னிக்கே சொல்லிட்டேன். புட்டியை நான் ஒளிச்சு வச்சா அவ தேடி எடுத்து மறுபடி அலமாரியில வைக்கறா. கொட்டிடுவேன்னேன், கொட்டினா தம்பி இன்னொரு புட்டி அனுப்புவான்னா. கெஞ்சிக் கூத்தாடினதுல ஒண்ணுக்கு மட்டும் ஒத்துக்கிட்டா. "தம்பி கைப்பட வேண்டாம்னு எழுதட்டும், தொடமாட்டேன். அது வரைக்கும் புட்டி இங்கதான் இருக்கும்" அப்படிங்கறா.

எனக்குப் பயமா இருக்குடா. அவ அடுக்களைக்குப் போனா நானும் பின்னாடியே போறேன். அவ கையில எந்த டம்ளர் இருந்தாலும் வாங்கி மோந்து பார்த்துட்டுத்தான் திருப்பிக் கொடுக்கறேன். காலையில டீயை நானே போடறேன். இந்த வயசுல அவளுக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்? வீட்டுல உப்பு எங்க இருக்குனு தெரியாதவன்கிறதுக்காகச் சொல்லலை, எனக்கு அவ வேணும். நீ எழுதற ஒரே ஒரு வரி, "அக்கா, அதைக் குடிக்காதே". இதை எழுத மாத்திரை அளவு மூளையே போதும்.

உன் குழந்தைகளுக்கு என் ஆசிகள். புத்தியில் அவர்கள் தாயைக் கொள்ளட்டும். உன் மனைவிக்கு என் அனுதாபங்கள். உன் புது விலாசம் அக்காவிடம்தான் இருப்பதால், இதை உறையிலிட்டு அவளிடமே கொடுத்து மேலே விலாசம் எழுதச் சொல்லப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதறேன். உறையை ஒட்டாமலே கொடுத்துட்டார். அந்த ஆய்வகத்து அம்மா வந்த அன்னிக்கே நீ கொடுத்த பொடியை அவங்ககிட்ட ஒப்படைச்சுட்டேன். புட்டியில இப்ப இருக்கிறது நான் காயவச்சு அரைச்ச வெறும் கீரை. நீ பண்ணின காரியத்துக்கு நேர்ல வா, காதைத் திருகிக் கையில கொடுக்கறேன். ஆனா அவர் கேட்ட அந்த ஒரு வரியை மட்டும் இப்ப எழுதிடாதே. கல்யாணமான நாள்லேருந்து சாப்பிட்டியானு ஒரு வார்த்தை கேக்காத மனுஷன், இப்ப நான் தண்ணி குடிச்சாலும் பக்கத்துல வந்து நிக்கறார்.