குதிரையைப் பார்த்துவிட்டு வருகிறேன்

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே கோன்சிக் ஒரு சபதம் செய்தார். கோடை வருவதற்குள் குதிரை ஏறக் கற்றுக்கொண்டே தீருவது. வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. கேட்டிருந்தால் மானம் போயிருக்கும்.

பின்னே என்ன? ஐம்பத்தொரு வயது மங்கோலியர் ஒருவர் இனிமேல்தான் குதிரை ஏறக் கற்றுக்கொள்ளப் போகிறார் என்பது வெளியில் சொல்லக்கூடிய சேதியா? நம் நாட்டில் பிள்ளை நடக்கிறதோ இல்லையோ, தூக்கிக் குதிரைமேல் உட்கார வைத்துவிடுகிறோம். கோன்சிக் பிறந்தது உலான்பாதரில், அடுக்குமாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில். சின்ன வயதில் அவருக்கு வாய்த்த ஒரே வாகனம் லிஃப்ட். அதுவும் பாதி நாள் ஓடாது.

தெரியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், தாரிமாவைக் கல்யாணம் செய்துகொள்ளும் ஆசையில், "சின்னப் பையனா இருந்தப்ப திருவிழாக் குதிரைப் பந்தயத்துல அஞ்சாவதா வந்தேன்" என்று அவளிடமும் அவள் அப்பாவிடமும் ஒரு புளுகு புளுகினார். முதலாவது என்றால் நம்பமாட்டார்கள் என்று அடக்கமாக ஐந்தாவது. தாரிமா மேய்ச்சல்காரர் மகள். "அப்படியா!" என்று கண்களை அகல விரித்தாள். அந்தக் கண்களுக்காக அவர் நாலாவதாகக்கூட வந்திருப்பார்.

கல்யாணத்தன்று மாமனார் ஷாக்தர் வழக்கப்படி மாப்பிள்ளைக்கு ஒரு குதிரை கொடுத்தார். கோன்சிக் அதன் கழுத்தைத் தட்டி, "இங்கயே மேயட்டும் மாமா" என்றார். அது மேய்ந்தது, கிழடானது, செத்தும் போனது. மாமனார் இன்னொன்று கொடுத்தார். அதுவும் இங்கேயே மேயட்டும் என்றாயிற்று. கோடைதோறும் காரில் போவார். ஒரு வருஷம் முதுகுவலி, மறு வருஷம் முழங்கால், அதற்கடுத்த வருஷம் இரண்டும்.

இதில் இன்னொரு கஷ்டமும் சேர்ந்துகொண்டது. கோன்சிக்குக்கு அந்தக் கிழவரை ரொம்பப் பிடிக்கும். கோன்சிக் தகப்பன் முகம் தெரியாமல் வளர்ந்தவர். ஆனால் பொய் சொன்ன வாய்க்கு மாமனார் எதிரில் பேச்சு வராது. குதிரைப் பேச்சு வந்துவிடுமோ என்று எந்தப் பேச்சையும் எடுக்கமாட்டார். "ஆடெல்லாம் நல்லாருக்கா மாமா?" "நல்லாருக்கு மாப்ள." தீர்ந்தது. கோன்சிக்கின் தொழில் பல் செட் கட்டுவது. மாமனாருக்கும் அவர்தான் கட்டினார். "நல்லா வாயைத் திறங்க மாமா, இன்னும் கொஞ்சம்" என்று அன்றைக்குச் சொன்னதுதான் இருவரும் பேசிய மிக நீளமான பேச்சு.

அப்படியிருக்க, சபதத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தாரிமா போனை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"அப்பா பேசினார். எண்பத்தொண்ணு ஆகப் போகுது. ஒரே ஒரு தடவை மாப்பிள்ளையோட குதிரையில மலை உச்சிக்குப் போயி, அங்க இருக்கிற சாமிக் கற்குவியலைச் சுத்திட்டு வரணுமாம். அதுக்கப்புறம் என்ன ஆனாலும் சரியாம்."

"என்னோடயா?"

"அவருக்கு வேற எத்தனை மாப்பிள்ளை இருக்காங்க?"

கோன்சிக் ராத்திரி பூராவும் புரண்டார். காலையில் சபதம். கடைக்குக் கிளம்பும்போது லிஃப்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'பெரியவர்களுக்குக் குதிரையேற்றம். ஞாயிறுதோறும். யாருக்கும் சொல்லமாட்டோம்.' கீழே போன் நம்பர். தெய்வமே லிஃப்டில் ஏறி வந்ததுபோல் இருந்தது அவருக்கு.

அன்று சாயங்காலம், தாரிமா குளியலறையில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, சமையலறையிலிருந்து போன் போட்டார். "ஆமாங்க... ஞாயித்துக்கிழமை காலைல குதிரையைப் பாக்கப் போகலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், தலையில் துண்டோடு தாரிமா நிற்கிறாள்.

நம் பேச்சில் 'குதிரையைப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்றால் அவசரமாக ஒதுங்கப் போகிறேன் என்று அர்த்தம். விருந்திலிருந்து எழுந்து போகிறவர்கள் மரியாதையாகச் சொல்லும் சொல். அதை அவர் மறந்துபோனார். தாரிமா மறக்கவில்லை.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. குதிரையைப் பாக்க ஞாயித்துக்கிழமை வரைக்கும் அடக்கிக்கிட்டா இருப்பீங்க?"

"அது... வந்து..."

"எத்தனை நாளா இப்படி?"

கோன்சிக் யோசித்தார். வழி தானாகவே திறக்கிறது. நுழைந்துவிட வேண்டியதுதான்.

"ஒரு மாசமா சரியாப் போகல. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஊருக்கு வெளிய ஒரு வைத்தியர் இருக்காராம். ஞாயித்துக்கிழமைதான் பாப்பாராம். நாலு மணி நேரம் ஆகும்."

"நாலு மணி நேரமா? பாவம், ரொம்பத்தான் இறுகியிருக்கு போல."

இவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாளே என்று கோன்சிக்குக்கு மனைவிமேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. அன்று முதல் வீட்டில் இறைச்சி நின்றது. ஞாயிறு காலை கிளம்பும்போது, ஏதோ வேரைக் காய்ச்சிய கஷாயம் ஒரு பெரிய கோப்பை. ஒரே மடக்கில் குடிக்க வேண்டும். அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

குதிரைக்காரி திமித் நல்ல உயரம், நல்ல குரல். ஒரு சாம்பல் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கோன்சிக் அதன் வலது பக்கம் போய் நின்றார்.

"அண்ணே, இந்தப் பக்கம் குதிரை ஏறுறவரை இப்பத்தான் பாக்குறேன். இடது பக்கம் வாங்க."

"எனக்குத் தெரியும். சும்மா சுத்திப் பார்த்தேன்."

ஏறினார். அதாவது, ஏற்றினார்கள். மரச்சேணம். அதில் உட்கார்ந்த பிறகுதான் தமக்கு எத்தனை எலும்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

"'சூ'ன்னு சொல்லுங்க, போகும்."

"சூ."

குதிரை புல்லைத் தின்றது.

"என்னண்ணே, காதுல ரகசியம் சொல்ற மாதிரி சொல்றீங்க? அதட்டிச் சொல்லுங்க!"

"வீட்டுல அதட்டிப் பழக்கமில்லைம்மா."

அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, "சூ!" என்று கத்தினார். குதிரை கிளம்பியது. கூடவே, அதே அடிவயிற்றில், கஷாயமும் கிளம்பியது.

"நிறுத்தும்மா! நிறுத்து! நான் குதிரையைப் பாக்கணும்!"

"அதான் குதிரை மேலயே உக்காந்திருக்கீங்களே, நல்லாப் பாருங்க!"

"ஐயோ, அந்தக் குதிரை இல்லம்மா!"

முதல் பாடத்தில் அவர் கற்றுக்கொண்டது, ஓடும் குதிரையிலிருந்து சீக்கிரமாக இறங்குவது எப்படி என்பதுதான். திமித் ரொம்ப நேரம் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"உக்காருங்களேன்."

"வைத்தியர் நின்னுக்கிட்டு சாப்பிடச் சொல்லியிருக்கார்."

தாரிமா உள்ளே போய் இரண்டு தலையணை கொண்டுவந்து நாற்காலியில் போட்டாள். "வைத்தியர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். கோன்சிக் மெதுவாக உட்கார்ந்தார். கல்யாணம் செய்துகொண்டதற்காக அன்றைக்கு மனதார நன்றி சொன்னார். அதுவும் வெளியே கேட்கவில்லை.

ஏப்ரலில் மூன்று முறை விழுந்தார். மே மாதம் ஒரே முறை. அதுவும் குதிரை நின்றுகொண்டிருக்கும்போது. சாம்பல் குதிரைக்கும் அவருக்கும் ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. அவர் வருவதைத் தூரத்திலேயே பார்த்துத் தலையை ஆட்டும். அவர் அதன் நெற்றியில் தம் நெற்றியை வைத்து, "மாமா முன்னால என் மானத்தைக் காப்பாத்திக் கொடுடா" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது தானாகவே ஓட்டம் பிடித்தது. அவர் விழவில்லை. காற்று முகத்தில் அடித்தது. ஐம்பத்தொரு வருஷமாக மற்றவர்களெல்லாம் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அழுதுவிட்டார். காற்றில் கண் கலங்கிற்று என்று திமித்திடம் சொன்னார்.

ஜூலை வந்தது. நூற்றறுபது கிலோமீட்டர் காரில் போய் மாமனாரின் கூடாரத்தில் இறங்கினார்கள். மறுநாள் காலை ஷாக்தர் புது நீல அங்கியும் மஞ்சள் இடைக்கச்சையுமாக நின்றார். தாரிமா கோன்சிக்கின் குதிரைக்குச் சேண வாரை இறுக்கினாள். அவர் இடது பக்கமாக வந்து, ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்தார். அவள் அவருடைய அங்கிக் கையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்துவிட்டு, "மெதுவா போங்க" என்றாள். "அப்பாவைச் சொன்னேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

இருவரும் மெதுவாகத்தான் போனார்கள். அதிசயமாக, கிழவர் கோன்சிக்கைவிட மெதுவாகப் போனார். உச்சிக்கு வந்து, கற்குவியலை மூன்று முறை சுற்றி, கொண்டுவந்த கல்லைக் குதிரைமேலிருந்தே ஆளுக்கொன்று போட்டார்கள். கோன்சிக் இறங்கினார். கிழவர் இறங்கவில்லை.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல மாப்ள. காட்சி நல்லாருக்கு."

"கீழ இறங்கிப் பாருங்களேன்."

"இறங்க வந்தா இறங்கமாட்டேனா?"

இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. கோன்சிக் தம் தோளைக் கொடுத்து, மூட்டையை இறக்குவதுபோல் இறக்கிப் புல்லில் உட்காரவைத்தார். கிழவர் இடுப்பைத் தேய்த்துக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒரு உண்மை சொல்லணும் மாப்ள. நான் குதிரை ஏறுறதை விட்டு ஏழு வருஷம் ஆச்சு. ஆடு மேய்க்கிறது மோட்டார் சைக்கிள்லதான். நீங்க வர்ற அன்னிக்கு அதுமேல கம்பளியைப் போட்டு மூடிடுவேன். பந்தயத்துல அஞ்சாவதா வந்த மாப்பிள்ளை என்ன நினைப்பாரோன்னு வெக்கம். உங்க ஆசைக்காகத்தான் ரெண்டு மாசமா மறுபடி ஏறிப் பழகினேன்."

"என் ஆசையா?"

"ஆமா. மாமாவோட ஒரு தடவை மலைக்குப் போகணும்னு நீங்க ஏங்கிக் கிடக்கிறதா தாரிமா சொன்னாளே?"

"அது உங்க கடைசி ஆசைன்னு என்கிட்ட சொன்னாளே மாமா!"

"கடைசி ஆசையா? எனக்கு என்ன வந்துச்சு?"

கோன்சிக் இருபத்திரண்டு வருஷமாக மறைத்ததை வெளியே விட்டார்.

"மாமா, நான் அஞ்சாவதா வரல."

"பின்ன, ஆறாவதா?"

"பந்தயத்துலயே ஓடல. குதிரையே ஏறினதில்ல. இந்த மார்ச்லதான் கத்துக்கிட்டேன். திமித்னு ஒரு அம்மா சொல்லிக் கொடுத்தாங்க."

"நல்லா உயரமா, குரல் கணீர்னு இருப்பாளே, அவளா? அவ தாரிமாவோட ஒரே பெஞ்சுல படிச்சவளாச்சே. உங்களுக்கு எப்படிக் கிடைச்சா?"

"லிஃப்டுல காகிதம் ஒட்டியிருந்துச்சு..." என்று ஆரம்பித்த கோன்சிக்குக்கு, அதை ஒட்டியது யார் என்று பாதியிலேயே விளங்கிவிட்டது. நாலு மாதக் கஷாயமும் ஒன்றாக நாக்கில் கசந்தது.

கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். மேல் செட் கழன்று மடியில் விழும்வரை சிரித்தார். கோன்சிக் அதைத் துடைத்து, அவர் வாயில் பொருத்திவிட்டார். பொருத்திய கையைக் கிழவர் விடவில்லை.

"பொய் சொன்னதுக்குக் கோபமா மாமா?"

"எதுக்குய்யா? என் பொண்ணை எவ்வளவு பிடிச்சிருந்தா அந்தப் புளுகு புளுகியிருப்பீங்க! நான் கம்பளி போட்டு மூடினவன், நான் எங்க கோவிச்சுக்கிறது? இத்தனை வருஷமா ஆட்டை மட்டும் விசாரிச்சிட்டுப் போனீங்களேன்னுதான் வருத்தம்."

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் பேசினார்கள். கோன்சிக் தம் நாலாவது மாடியைப் பற்றிச் சொன்னார். கிழவர் தம் முதல் குதிரையைப் பற்றியும், செத்துப்போன மனைவியைப் பற்றியும் சொன்னார். ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. கடைசியில் கோன்சிக், "ரெண்டு பேரையும் இப்படிப் பொம்மலாட்டம் ஆட்டியிருக்காளே, சும்மா விடறதா?" என்றார்.

"விடக்கூடாது. நமக்குத் தெரியும்னு காட்டிக்கவே கூடாது. ரெண்டு பேரும் பிறவிக் குதிரைக்காரங்க மாதிரி போய் நிப்போம். என்ன சொன்னாலும் அசரக் கூடாது. அவளே குழம்பட்டும்."

கைகொடுத்துக்கொண்டார்கள். கோன்சிக் கிழவரைத் தூக்கிக் குதிரைமேல் ஏற்றிவிட்டார். வலிக்கிற இடங்களையெல்லாம் மறைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கூடாரத்துக்கு முன்னால் பெரிய மிடுக்கோடு வந்து நின்றார்கள். தாரிமா பால்தேநீர்க் கிண்ணங்களோடு வெளியே வந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"இறங்கவே மனசில்ல தாரிமா!" என்றார் கோன்சிக்.

"இன்னும் பத்து மலை இருந்தாலும் ஏறியிருப்போம்" என்றார் கிழவர். "நாங்கள்லாம் தரையில நடக்கப் பிறந்தவங்களே இல்ல."

தாரிமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது. கோன்சிக்குக்குத் திட்டத்தையே கைவிட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கூடாரத்தைச் சுற்றி அவர் கண் தற்செயலாக ஓடியது. எதையோ காணவில்லை.

"கார் எங்க?"

"நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று தாரிமா தேநீரை நீட்டினாள். "அதான் பக்கத்துக் கூடாரத்துத் தம்பிகிட்ட சாவியைக் கொடுத்து, காரை நம்ம வீட்டுல கொண்டுபோய் விடச் சொல்லிட்டேன். நாளைக்கு நம்ம மூணு பேரும் குதிரையிலயே உலான்பாதர் போறோம். அஞ்சே நாள்தான்."