பதினோரு ஓட்டைகளும் ஒரு செருப்பும்

மணிமுத்தாற்றிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்குப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தலையில் சிமெண்ட், காலில் ஒற்றைச் செருப்பு. மத்தியானம் வரை ஓர் அணைக்கட்டின் காவலாளி நான். அதற்கு முன்பும் ஏழெட்டு வேலைகளைக் கெடுத்திருக்கிறேன். அணையைக் கவிழ்க்கப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெரிய அணை இல்லை. வாழைத்தோப்பு அண்ணாச்சியின் தாத்தா ஓடையை மறித்துக் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது. இரண்டு ஆள் உயரம். சுவரில் செடி முளைத்தால் நான் பிடுங்க வேண்டும், மதகுக்குக் கிரீஸ் போட வேண்டும். பம்ப்செட் அறையில் படுக்கை, இரண்டு வேளைச் சோறு. (அதற்கு முந்தின வாரம் அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் படுத்துக்கிடந்தவனுக்கு அது அரண்மனை.)

அண்ணாச்சி ஒருநாள் வந்து சொன்னார்: "லே, நாளைக்கு இன்ஜினியர் பார்க்க வாராரு. அவரு கையெழுத்துப் போடலைன்னா தண்ணியத் தொறந்து விடச் சொல்லிருவாவ. ஒரு குறை கண்ணுல படக் கூடாது, கேட்டியா?"

பட்டது. சுவரின் பின்பக்கம் வரிசையாகப் பதினோரு ஓட்டைகள். எல்லாவற்றிலும் தண்ணீர் ஒழுகியது. கொத்தனாருக்குக் கலவை சுமந்தவன் நான். (மூன்று மாதம்.) சிமெண்டோடு இறங்கினேன்.

சுவருக்கு நேர் கீழே ஓட்டு வீட்டில் இருந்த செல்வி, ஆட்டைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: "எங்கப்பா சின்னப்பிள்ளையா இருந்தப்பவே ஒழுகுச்சாம். ஒழுகிட்டுப் போகட்டும். அத ஏன் நோண்டுதிய?"

"இதெல்லாம் டெக்னிக்கல். ஒனக்குப் புரியாது" என்றேன், எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்த நான்.

பத்தாவது ஓட்டையோடு சிமெண்ட் தீர்ந்தது. இடது செருப்பைச் சுருட்டிப் பதினோராவதில் கல்லால் அடித்து இறக்கினேன். சாயங்காலம் சுவர் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது.

காலையில் வந்த இன்ஜினியர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "இங்க தண்ணி வடிஞ்சுக்கிட்டு இருக்குமே?"

"நான்தான் சார் அடைச்சேன்" என்று முன்னால் போய் நின்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஏம்மா, ஆட்டை அவுத்துக்கிட்டு மேட்டுக்குப் போயிரு" என்றார் செல்வியிடம். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சுவருக்குள்ள ஊறுற தண்ணி வெளிய போக விட்ட வழி தம்பி அது. அடைச்சா உள்ள நின்னு கல்லத் தள்ளும். விழுந்தா அந்தப் பிள்ளை வீட்டு மேலதான் விழும்."

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதகுக்கு ஓடினார். மதகைத் திறந்தோம். (கிரீஸ் போட்டிருந்ததால் லேசாகத் திறந்தது. யாரும் பாராட்டவில்லை.) நான் கடப்பாரையோடு ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தினேன், ஒவ்வொன்றும் என் வாயில் துப்பியது. கடைசியில் செருப்பு பிய்த்துக்கொண்டு பறந்து, அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டையில் அடித்துவிட்டு வாழைக்குள் மிதந்து போனது.

சுவர் நின்றது. மத்தியானம் வரை பார்த்துவிட்டு, "உள்ள அடைச்சிருந்த பழைய பாசியெல்லாம் வெளிய வந்துட்டு. இப்ப முன்னைவிட நல்லா வடியுது" என்று இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார்.

"சாப்பிட்டுட்டு நடையக் கட்டுலே" என்றார் அண்ணாச்சி. மேட்டிலிருந்து செல்வி, "டெக்னிக்கல் கெளம்பிட்டாரு" என்றாள் ஆட்டிடம்.

இரண்டு வருஷம் கழித்து அவளைத்தான் கட்டினேன். இன்றும் வீட்டில் குழாய் ஒழுகினால் பிள்ளைகள் முதலில் என் செருப்பை ஒளித்துவைக்கிறார்கள்.

நடந்த கதைக்கு வருகிறேன். மறுநாள் காலை கல்லிடைக்குறிச்சியில் ஒரு பஞ்சர் கடையில் வேலை கேட்டேன். கடைக்காரர் என் ஒற்றைச் செருப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஓட்டை அடைக்கத் தெரியுமாலே?"

"எந்த ஓட்டைன்னு நீங்க காட்டுங்க அண்ணாச்சி" என்றேன். "அத மட்டும் அடைக்கேன்."