நாக்கு மகானின் தண்ணீர்

நாக்கு மகானைத் தரிசிக்க வரிசை தெருமுனை வரை நிற்கும். நெஞ்சுநோய் ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கட்டடத்தில், மூன்றாம் மாடியில் அருள்பாலிக்கிறார். லிஃப்ட் கிடையாது. மூச்சிரைப்புக்காரர்களை மூன்று மாடி ஏறவைத்து, மேலே வந்து இளைப்பவரைப் பார்த்து, "பேய் மூச்சைப் பிடிக்குது" என்பார். பிடிக்காமல் என்ன செய்யும்?

வெல்டர் போனது நாக்குக்காக. இருபது வருஷம் பட்டறைப் புகையை விழுங்கி நுரையீரல் கெட்டுப்போனவர், டாக்டர் கொடுத்த இன்ஹேலரை இரண்டு வேளையும் இழுத்துக்கொண்டிருந்தார். மூச்சு சீரானது. நாக்கில்தான் வெள்ளை படிந்து, குரல் கம்மிப்போயிற்று. மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை, நாம் எல்லோரும் செய்வதைப் போல, படிக்காமல் குப்பையில் போட்டிருந்தார்.

மகான் நாக்கை நீட்டச் சொன்னார். "செத்தவன் ஒருத்தன் உன் குரலைக் கேக்குறான். இது அவன் பூசின சாம்பல். ஒவ்வொரு தடவை மருந்து இழுத்ததும் இந்தக் கேன் தண்ணியால வாய் கொப்பளிச்சுத் துப்பு. பதினஞ்சு நாள் கழிச்சு வா."

கொப்பளித்தார். வெள்ளை போயிற்று, குரல் திரும்பியது. நன்றி சொல்ல மனைவியையும் மைத்துனியையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் வீட்டிலேயே இருக்கும் மைத்துனிக்கு எதிர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை.

மகான் வெல்டரின் நாக்கைக் கூட்டத்துக்குக் காட்டினார். "பாத்தீங்களா, என் தண்ணியோட சக்தி. வாயில இருந்தவன் இப்ப இந்த இன்ஹேலருக்குள்ள ஒளிஞ்சிருக்கான். இதை இந்தப் பெட்டியில போட்டுடு. இனிமே தண்ணி மட்டும் போதும்."

அவர் காலடியில் இருந்த பெட்டியில் ஏற்கெனவே நாற்பது ஐம்பது இன்ஹேலர்கள் கிடந்தன. போட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மூச்சு நின்றவர்கள் படியேறி வந்து புகார் சொல்வதில்லை.

வெல்டர் கையை நீட்டிவிட்டார்.

"போடாதீங்க மாமா," என்று மைத்துனி கையைப் பிடித்தாள். பையிலிருந்து ஒரு கேனை எடுத்து வைத்தாள். "ஐயா, இது நீங்க குடுத்தது. உங்க சீல் கூட உடையல. திறந்து தர்றேன்னு வாங்கி, முதல் நாளே மாத்திட்டேன். மாமா கொப்பளிச்சது எங்க குளியலறைக் குழாய்த் தண்ணி."

மகான் கேனைத் தள்ளி வைத்தார். "அது... என் மேல இருந்த நம்பிக்கை."

"அப்ப உங்க தண்ணி எதுக்கு? இந்த மருந்து வாயில தங்கினா வெள்ளை படியும், குரல் கம்மும். இழுத்ததும் வெறும் தண்ணியில கொப்பளிக்கணும்னு தாள்லயே போட்டிருக்கு. மருந்தை நிறுத்தினாத்தான் உயிருக்கு ஆபத்து."

பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். "எங்க அண்ணன் போன மாசம் இந்தப் பெட்டியிலதான் போட்டாரு. இப்ப ஆக்சிஜன் வெச்சுப் படுத்திருக்காரு."

அதற்குமேல், கூட்டத்தில் நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டம் பெட்டியைக் கவிழ்த்தது. மகான் படிகளில் இறங்கிய வேகத்தைப் பார்த்தால், அவருடைய நுரையீரல் மட்டும் முதல்தரம்.

ஒரு பெரியவர் காலிக் கேனோடு மைத்துனியிடம் வந்து கைகூப்பினார். "அம்மா, உங்க வீட்டுக் குழாய் எந்தத் திசை பாத்து இருக்கு? எனக்கும் கொஞ்சம் பிடிச்சுத் தருவியா?"

"குழாய் உங்க வீட்டுலயும் இருக்கு, பெரியவரே. கழுத்துக்கு மேல தலையும் இருக்கு. ரெண்டையும் கொஞ்சம் திறங்க."